மூழ்கிய கப்பலுக்குள் ஸ்கூபா போகிறவர்கள் சொல்லும் ‘மூன்றில் ஒரு பங்கு’ விதி என்றால் என்ன?

சிலிண்டர் காற்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு வெளியே வர, மூன்றாவது பங்கைத் தொடக்கூடாது. 200 பார் (காற்றழுத்த அலகு) இருந்தால், மூன்றால் வகுக்க வசதியாக 180 என்று குறைத்துக் கணக்கிட்டு, 60 செலவாகி அழுத்தமானியின் முள் 140-ஐத் தொட்டதும் திரும்பிவிட வேண்டும்.

மூன்றாவது பங்கு எதற்கு? அது துணைக்கு வருபவருக்கு. கடைசி அறையில் அவருடைய காற்று நின்றுபோனால், உங்கள் ஒரே சிலிண்டரில் இருவரும் வெளியே வரவேண்டும். பயத்தில் மூச்சு வேறு வாங்கும். 30 மீட்டர் ஆழத்தில் மேலே இருப்பதைப்போல 4 மடங்கு காற்று செலவாகும்.

கோபிசெட்டிபாளையம், பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இது சட்டெனப் புரியும். கிணற்றில் தலையைத் தூக்கினால் வானம். கப்பலுக்குள் தலைக்கு மேல் இரும்புத் தகடு; வந்த வழிதான் ஒரே வழி. அப்புறம் சேறு. கோடையில் தண்ணீர் வற்றிய கிணற்றில் அடியைக் காலால் கிளறினால் என்ன ஆகும்? அதேதான் அங்கேயும்: காலில் மாட்டிய துடுப்பால் ஓர் உதை, டார்ச் வெளிச்சம் பனிமூட்டத்தில் அடித்த ஹெட்லைட் மாதிரி ஆகிவிடும். அதனால்தான் வாசலுக்கு வெளியே கயிற்றைக் கட்டி, சுருளைப் பிரித்துக்கொண்டே உள்ளே போகிறார்கள். இதற்குத் தனிப் பயிற்சி உண்டு. சாதாரண ஸ்கூபா சான்றிதழ் போதாது.

பலரும் அவரவர் முள்ளைப் பார்த்துத் திரும்பினால் போதும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை, யாருடைய முள் முதலில் தொடுகிறதோ, அப்போதே எல்லோரும் திரும்ப வேண்டும்.