வெறும் பேச்சு படபடப்பைத் தீர்க்குமா?

கேள்வி: என் வயது 36. ஆறு மாதமாக பஸ்ஸில் போகும்போது திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, உயிரே போய்விடும்போல் இருக்கிறது. இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாம் சரியாக உள்ளன. ‘பேனிக் அட்டாக்’ என்று சொல்லி, சி.பி.டி. சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார் மனநல மருத்துவர். பேசினால் நோய் தீருமா?

பதில்: வெறும் பேச்சு என்றால் உங்கள் சந்தேகம் நியாயமே. ‘தைரியமாக இரு’ என்று வீட்டிலேயே நூறு முறை சொல்லியிருப்பார்கள். சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை அறிவுரை அல்ல, பயிற்சி. 1960களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை உருவாக்கினார்.

முதலில் ஒரு நோட்டில் எழுதச் சொல்வார்கள். எங்கே வந்தது, மனத்தில் என்ன ஓடியது, பயம் நூற்றுக்கு எத்தனை, உடனே என்ன செய்தீர்கள். ‘பஸ். மாரடைப்புதான். 90. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.’ அந்தக் கடைசி வரியில்தான் முடிச்சு இருக்கிறது. இறங்கியதும் நிம்மதி வருகிறது; ‘இறங்கியதால்தான் பிழைத்தேன்’ என்று மனம் பதியவைத்துக்கொள்கிறது. உட்கார்ந்திருந்தாலும் படபடப்பு தானாகவே அடங்கியிருக்கும் என்பதை அது அறிய வாய்ப்பே கிடைப்பதில்லை.

அந்த வாய்ப்பைத்தான் சிகிச்சை தருகிறது. ஒரு நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொல்வார்கள். தலை சுற்றும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், சில நிமிடங்களில் தணியும். (ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.) பிறகு பஸ்: துணையோடு ஒரு நிறுத்தம், தனியாக ஒரு நிறுத்தம், பயத்துக்குத் துணையாகக் கைப்பையில் வைத்துக்கொள்ளும் தண்ணீர் பாட்டில்கூட இல்லாமல் முழுப் பயணம்.

பஸ் பயிற்சி தொடங்கும் வாரங்களில் பயம் கூடியதுபோல் தோன்றலாம். தயவுசெய்து அப்போது நின்றுவிடாதீர்கள். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்; எனக்கு அது மிகவும் வருத்தம் தரும் விஷயம். கஷ்டமாக இருந்தால் சிகிச்சையாளரிடமே சொல்லுங்கள், வேகத்தைக் குறைப்பார்.

வாரம் ஒருமுறை, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். பெரும்பாலும் 8 முதல் 15 அமர்வுகள். மாத்திரை சாப்பிட்டு வந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம், இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். மாடி ஏறும்போது நெஞ்சுவலி வந்தாலோ மயங்கி விழுந்தாலோ அதைப் பதற்றம் என்று ஒதுக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

சிகிச்சையாளர் முறையாகப் பயின்ற மருத்துவ உளவியலாளர்தானா என்று கேட்பதில் தவறில்லை. அதற்குள் பேச வேண்டும்போல் இருந்தால், அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.