அம்மாவுக்குச் சூலகப் புற்றுநோய் திரும்பிவிட்டது, தோட்டத்தில் வைத்து எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஹட்டன் பக்கத் தோட்டத்தில் இருந்து கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. முதலில் கிளினிக்கில் ஒன்றைக் கேளுங்கள்: கடைசி கீமோ முடிந்து எத்தனை மாதத்தில் நோய் திரும்பியது? 6 மாதத்துக்கு மேல் என்றால் கார்போபிளாட்டின் போன்ற கீமோ மருந்தே மறுபடி வேலை செய்ய நல்ல வாய்ப்பு உண்டு. திரும்பிய நோய் முற்றாகக் குணமாவது அரிது. ஆனால் பலருக்கு மறுபடி மறுபடி அடக்கிவைக்க முடிகிறது. இரத்தப் பரிசோதனையில் பார்க்கும் சிஏ-125 என்ற புற்றுநோய்க் குறியீடு கொஞ்சம் ஏறியதற்கே உடைந்துபோகாதீர்கள். ஸ்கேனையும் அம்மாவின் நிலைமையையும் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

கீமோ நாட்களில் காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால், பனடோல் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்த உடம்பில் கிருமித்தொற்று சில மணித்தியாலங்களில் உயிராபத்தாகும். லயத்திலிருந்து இரவில் இறங்குவது எவ்வளவு பாடு என்று தெரியும். அதனால் ஓட்டோக்காரர் ஒருவரிடம் இப்போதே பேசிவையுங்கள், கிளினிக் கொப்பியைக் கையெட்டும் இடத்தில் வையுங்கள். ஓயாத வாந்தியோடு மலமும் காற்றும் போகாவிட்டால் குடல் அடைப்பாக இருக்கலாம், அதற்கும் உடனே ஆஸ்பத்திரிதான். வயிறு வீங்கி மூச்சு முட்டினால் நீரை எடுத்துவிடுவார்கள், பெரிய ஆறுதல் கிடைக்கும்.

வலி மருந்து கேட்க அம்மா கூச்சப்படுவார். நீங்கள் கேளுங்கள். சிகிச்சைக்குக் கண்டி ஆஸ்பத்திரியா மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியா, இன்னொரு சுற்றுக் கீமோ வேண்டுமா என்பதை அவரிடம் மறைக்காமல் பேசி, அவர் சொல்வதை டாக்டரிடம் சொல்லுங்கள். இந்தப் புற்றுநோய் சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். உங்களைப் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள்.