காப்பாற்ற வந்தவர்களும் கனத்துப்போகும் மனமும்

கேள்வி: ஜான் விண்டம் எழுதிய ‘தி கிரைசலிட்ஸ்’ நாவலை அண்மையில் வாசித்தேன். பிறரிடமிருந்து வேறுபட்டுப் பிறந்ததற்காகத் துரத்தப்படும் இளையோரில் சிலர் கடைசியில் காப்பாற்றப்படுகிறார்கள். ஆனாலும் நூலை மூடியபோது மனம் கனத்துப்போயிற்று. நான் தவறாக வாசித்துவிட்டேனா?

பதில்: இல்லை, மிகச் சரியாகவே வாசித்திருக்கிறீர்கள். ஹிரோஷிமா அழிந்து பத்தாண்டுகள் ஆகியிருந்த 1955இல் வெளிவந்த இந்நாவல், ஒரு பேரழிவுக்கு நெடுங்காலம் பின்னர் கனடாவின் லாப்ரடார் பகுதியில் வாழும் ஒரு சமூகத்தைக் காட்டுகிறது. கடவுளின் சாயலிலிருந்து உடல் இம்மியும் பிசகக் கூடாது என்பது அங்கே சட்டம். பிசகிய பயிரையும் கன்றையும் அழித்துவிடுவார்கள். பிசகிய மனிதரைப் பிள்ளைப்பேறு இல்லாதபடி செய்து எல்லைப்புறக் காட்டுக்கு விரட்டிவிடுவார்கள். கதைசொல்லியான டேவிட்டும் அவனுடைய நண்பர்கள் சிலரும் வாய்திறக்காமல் மனத்தாலேயே பேசிக்கொள்ளக்கூடியவர்கள். அது கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு என்பதால்தான் அவர்களால் இத்தனை காலம் தப்பியிருக்க முடிந்தது.

அவநம்பிக்கை இந்நாவலில் எங்கே உச்சம் கொள்கிறது என்று கேட்டால், துரத்தலையோ போரையோ நான் சொல்லமாட்டேன்; டேவிட்டின் சித்தி ஹாரியட் வரும் அந்தச் சிறிய பகுதியைத்தான் சொல்வேன். சிறு குறையோடு பிறந்த தன் மூன்றாவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் அக்காள் வீட்டுக்கு வருகிறாள். தன் குழந்தை பிசகற்றது என்ற சான்றிதழைப் பெறுவதற்காக அக்காளின் பச்சிளங்குழந்தையைச் சிறிது நேரம் மாற்றித் தரும்படி கெஞ்சுகிறாள். உடன்பிறந்தவளே மறுத்து விரட்டுகிறாள். மறுநாள் ஹாரியட்டின் உடல் ஆற்றில் கிடைக்கிறது. குழந்தையைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் சொல்வதில்லை. இவற்றையெல்லாம் கேட்டறிந்த சிறுவன் டேவிட், தன்னையும் மற்றவர்களைப் போல ஆக்கிவிடும்படி இரவில் கடவுளை மன்றாடுகிறான். ஒடுக்குபவர்களின் அளவுகோலை ஒடுக்கப்படும் பிள்ளையே ஏற்றுக்கொண்டு, தான் தானாக இருப்பதிலிருந்து விடுதலை கேட்கும் அந்த இடத்தைவிட இருண்ட பக்கம் இந்நூலில் வேறில்லை.

இனி முடிவுக்கு வருவோம். மனத்தால் பேசுவோர் வாழும் தொலைதூர நாடான சீலாந்திலிருந்து, டேவிட்டையும் நண்பர்களையும் காப்பாற்றப் பறக்கும் கலத்தில் வரும் பெண்ணும் மனத்தால் பேசும் இனத்தைச் சேர்ந்தவள்தான். ஆனால் அவள் மேலிருந்து பொழியவைக்கும் ஒட்டிழைகள் துரத்தி வந்தவர்களை மட்டும் கொல்லவில்லை. அந்த ஊராரால் விரட்டப்பட்டுக் காட்டில் வாழ்ந்தவர்களையும் சேர்த்தே கொன்றுவிடுகின்றன. பின்னர் அவள் தரும் விளக்கத்தின் சாரம், மேம்பட்ட இனம் தன்னைக் காத்துக்கொள்ளப் பழைய இனம் வழிவிட்டாக வேண்டும் என்பது. எந்த இனம் உயர்ந்தது என்ற விடை மட்டுமே மாறியிருக்கிறது. கொல்வதற்கான நியாயம், ஊரின் சட்டத்தைத் தீவிரமாகக் கடைப்பிடித்த டேவிட்டின் தந்தையிடம் இருந்த அதே நியாயம்தான். அவளுடைய வாதத்தை ஆசிரியர் ஏற்கிறாரா என்பது விமர்சகர்களிடையே நீண்ட விவாதத்துக்கு உரியது. ஏற்கிறார் என்றே கொண்டாலும் வாசகர் உடன்பட வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் மனம் உடன்பட மறுத்திருக்கிறது, அவ்வளவே.

கேள்வி: அப்படியானால் இந்நாவலில் நம்பிக்கைக்கு இடமே இல்லையா?

பதில்: இருக்கிறது, ஆனால் வானத்திலிருந்து வரும் கலத்தில் அதைத் தேடக் கூடாது. டேவிட்டின் உறவினரும் முன்னாள் மாலுமியுமான ஆக்ஸல் மாமாவுக்கு எந்தத் தனி ஆற்றலும் கிடையாது; சட்டத்தின் பார்வையில் அவர் முழு மனிதர். ஒவ்வொரு கரையிலும் வாழ்பவர்கள் தங்கள் உருவமே கடவுளின் சாயல் என்று நம்புவதைக் கடற்பயணங்களில் அறிந்துகொண்ட அவர், டேவிட்டுக்கு அதை எடுத்துச் சொல்லி, அவனுடைய இரகசியத்தைத் தன் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் காக்கிறார். வேறுபட்டவரைக் காப்பதற்குத் தானும் வேறுபட்டவராக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அவரே சாட்சி.

அடுத்து, மனத்தால் பேசும் நண்பர்களில் ஒருவனான மைக்கேலைச் சொல்வேன். கலத்தில் ஏறிச் செல்லும் வாய்ப்பு அவனுக்கும் உண்டு. ஆனால் அவர்களில் இன்னொருத்தியான ரேச்சல் ஊரில் தனியே சிக்கியிருக்கிறாள். அவளை அழைத்துவரப் போனால் நாடு திரும்புவதற்கான எரிபொருள் கலத்துக்குப் போதாது. இன்னும் கொலைவெறி அடங்காத அந்த ஊருக்கே மைக்கேல் அவளுக்காகத் திரும்புகிறான். எவ்வளவு காலமானாலும் இருவரும் சீலாந்து வந்து சேர்வோம் என்கிறான். அவர்கள் சேர்ந்தார்களா என்பதை நாவல் சொல்லவில்லை. அதை ஆசிரியரின் குறையாக நான் எண்ணவில்லை. சேர்ந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தால் மைக்கேலின் முடிவு அதன் பலனை வைத்து எடைபோடப்பட்டிருக்கும்.