ஆய்வகத்துக்கு எத்தனை கிகாபிட்?

கேள்வி: பெரிய ஆய்வகங்களுக்கான கணினி வலையமைப்பின் திறனை எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

பதில்: அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வகங்களை இணைக்கும் 'ஈஎஸ்நெட்' வலையமைப்பின் பொறியாளர்கள், வினாடிக்கு எத்தனை கிகாபிட் (ஒரு கிகாபிட் என்பது நூறு கோடி பிட்) வேண்டும் என்று மட்டும் விஞ்ஞானிகளைக் கேட்டு நிறுத்துவதில்லை, எந்தக் கருவி எவ்வளவு தரவை உருவாக்கும், அது எங்கே, எவ்வளவு நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதை, அடுத்த 2 ஆண்டுகள், 5 ஆண்டுகள், அதற்கும் அப்பால் எனப் பிரித்துக் கேட்டு எழுதி வைக்கிறார்கள். இவற்றுள் காலக்கெடுவே முக்கியம் என்பேன். ஒரு பெட்டாபைட்டை, அதாவது பத்து லட்சம் கிகாபைட் தரவை, ஒரே நாளில் அனுப்ப, வினாடிக்குச் சுமார் 93 கிகாபிட் இடைவிடாமல் ஓட வேண்டும் என்பதால், 100 கிகாபிட் இணைப்பே ஏறத்தாழ நிரம்பிவிடும். பத்து நாள் பொறுக்கலாம் என்றால் 10 கிகாபிட்டில் ஒருவாறு சமாளிக்கலாம். கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் பரிமாற்றத்தில் தரவுப் பொட்டலங்கள் (தரவைப் பிரித்து அனுப்பும் சிறு துண்டுகள்) சிறிதளவு தொலைந்தாலும் வேகம் சரிந்துவிடும்; எனவே வழியில் தரவைத் திசைதிருப்பி அனுப்பும் ரவுட்டர்களும், பாதுகாப்புக்காக அதை வடிகட்டும் ஃபயர்வால்களும் பொட்டலங்களைத் தொலைக்கின்றனவா என்று சோதிக்காமல் கூடுதல் வேக இணைப்பை மட்டும் வாங்கிப் பயனில்லை.