வீட்டார் சொன்னால் போதுமா? மனநல வார்டு செவிலியர் கேள்வி பதில்

மனநல வார்டு செவிலியர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில் தருபவர் மனநலச் செவிலியப் பயிற்றுநர். பிரிவு எண்கள் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தினுடையவை.

கேள்வி: தானாக வந்து அட்மிட் ஆனவர் ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போகணும் என்கிறார். அண்ணன் போனில், "விட்டுடாதீங்க சிஸ்டர், காலையில வந்துடறேன்" என்கிறார். கதவைப் பூட்டலாமா மேடம்?

பதில்: முதலில் கேஸ் ஷீட்டைப் பாருங்கள். 86ஆம் பிரிவில் தன் விருப்பத்தில் சேர்ந்தவர் என்றால், அவர் கேட்டால் டிஸ்சார்ஜ் கொடுத்தாக வேண்டும். அண்ணன் சொல்லுக்கு அங்கே இடமில்லை. ஆனால் அவர் தன்னை மாய்த்துக்கொள்வதாக மிரட்டினாலோ, அடுத்தவரை அடிக்கப் பாய்ந்தாலோ, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருந்தாலோ, 88ஆம் பிரிவின்படி 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். அதை முடிவு செய்ய மனநல நிபுணர் வேண்டும். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த மனநலச் செவிலியரும் அந்தக் கணக்கில் வருவார். பதிவு இல்லையென்றால் உடனே மனநல மருத்துவரைக் கூப்பிடுங்கள். அந்த 24 மணி நேரம், அதிக ஆதரவு தேவைப்படுபவருக்கான 89ஆம் பிரிவில் சேர்க்க வேண்டுமா என்று பரிசோதிக்கத்தான். அண்ணன் பஸ் பிடித்து வருவதற்கல்ல. நிறுத்திய நேரத்தை நிமிடத்தோடு எழுதுங்கள். "இரவு" என்று மட்டும் எழுதினால் கெடு எப்போது முடிகிறது என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: ராத்திரி டியூட்டியில் 40 பேருக்கு நாங்கள் இரண்டு பேர். ஒருவர் முரண்டு பிடித்தால் கட்டிலில் கட்டுவதைத் தவிர வேறு வழி?

பதில்: ஆள் குறைவு என்பதைக் காரணமாகக் காட்டிக் கட்டக் கூடாது என்று 97ஆம் பிரிவே சொல்கிறது. தண்டனையாகவும் கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு எந்த வழியும் இல்லை, சிகிச்சை தரும் மனநல மருத்துவர் அனுமதித்திருக்கிறார், இந்த இரண்டும் சேர்ந்தால்தான் கட்டலாம். "தேவைப்பட்டால் கட்டவும்" என்று முன்கூட்டியே எழுதி வைத்த ஆர்டரை நம்பாதீர்கள்.

கட்டும் விதத்தில்தான் உயிர் போகிறது. குப்புறப் படுக்க வைக்காதீர்கள். மயக்க ஊசி போட்டவருக்கு மூச்சு அடைத்துவிடும். மல்லாக்கப் படுக்க வைத்துத் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள், வாந்தி நுரையீரலுக்குள் போகாமல் இருக்கும். பஞ்சு வைத்த பட்டைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். இறுக்கினால் நரம்பு அழுந்தி, மறுநாள் கை தொங்கிவிடும். முடிச்சைக் கட்டில் சட்டத்தில் போடுங்கள், பக்கக் கம்பியில் வேண்டாம். கம்பியை யாராவது இறக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக இருக்கட்டும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை மூச்சு, விரல் நிறம், சூடு பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கை கால்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து அசைத்துவிட்டு, தண்ணீர், சிறுநீர் கேளுங்கள்.

"ஆக்ரோஷமாக இருந்தார்" என்ற குறிப்பு ஒன்றுக்கும் உதவாது. இப்படி இருக்கட்டும்: "1.40: குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தூக்கி 6ஆம் கட்டில்காரரை அடிக்க ஓங்கினார். பேசிப் பார்த்தும், தனியாக உட்கார வைத்தும் அடங்கவில்லை. 1.50: மனநல மருத்துவர் வந்து பார்த்து அனுமதித்தார். இரு மணிக்கட்டும் கட்டப்பட்டன. 2.35: அமைதியானார், அவிழ்க்கப்பட்டது." நியமனப் பிரதிநிதிக்கு (நோயாளியின் சார்பில் பேச நியமிக்கப்பட்டவர்) 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். மாதம் ஒரு முறை, நோயாளிகளின் உரிமையைக் காக்கும் மனநலச் சீராய்வு வாரியத்துக்கு எல்லாக் கட்டுகளின் கணக்கும் போக வேண்டும்.

கேள்வி: சங்கிலியோடு கூட்டி வருகிறார்களே?

பதில்: வாசலிலேயே கழற்றுங்கள். எந்த வடிவிலும் சங்கிலி கூடாது, 95ஆம் பிரிவு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

கேள்வி: மாத்திரை சாப்பிட மறுப்பவருக்கு, "சோத்துல கலந்து குடுங்க" என்று அம்மா கெஞ்சுகிறார்.

பதில்: அம்மாவின் கவலை நியாயம், வழி தப்பு. முடிவெடுக்கும் திறன் உள்ளவர் மறுத்தால் மறுப்புதான். சட்டத்தை விடுங்கள், மருந்தே இதற்கு ஒத்துக்கொள்ளாது. மெல்ல மெல்லக் கரையும் லித்தியம், வால்புரோயேட் மாத்திரைகளைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும். லித்தியத்தில் நல்ல அளவுக்கும் நச்சு அளவுக்கும் இடைவெளி சிறியது. கலந்தது தெரிந்துவிட்டால் அவர் சோற்றையும் நிறுத்திவிடுவார். ஏன் மறுக்கிறார் என்று கேளுங்கள்: கை நடுக்கமா, உடல் பருமனா, தூக்கமா? வாயில் கரையும் மாத்திரை, மாதம் ஒரு முறை போடும் ஊசி போன்றவற்றை மருத்துவர் அவரிடமே பேசட்டும்.

கேள்வி: அமெரிக்காவில் மனநல நர்ஸ் பிராக்டிஷனர்கள் மருந்து எழுதுகிறார்கள். எம்.எஸ்சி. முடித்த நாம்?

பதில்: இங்கே முடியாது. தன் தொழிலுக்கு அனுமதி இல்லாத மருந்தையோ சிகிச்சையையோ யாரும் பரிந்துரைக்கக் கூடாது என்கிறது 106ஆம் பிரிவு. ராத்திரி போனில் ஆர்டர் வாங்கினால் மருந்து, அளவு, கொடுக்கும் வழி மூன்றையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்து, நேரத்தோடு எழுதி, காலையில் முதல் வேலையாகக் கையெழுத்து வாங்குங்கள். "போன முறையும் இதுதானே கொடுத்தார்" என்று லொராசெபாம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தை ஏற்றுவது ஆர்டர் ஆகாது.

கேள்வி: காயத்தைப் போட்டோ எடுத்து வார்டு வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

பதில்: நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்லும் 23ஆம் பிரிவு, சிகிச்சை தருபவருக்குத் தகவல் சொல்ல இடம் தருகிறது. குழுவில் இருக்கும் 30 பேரும் அவருக்குச் சிகிச்சை தருகிறார்களா? மருத்துவருக்கு மட்டும் முகம் தெரியாமல் அனுப்புங்கள். பிறகு உங்கள் போனிலிருந்தும் அழித்துவிடுங்கள்.