இடது கையில் நாடி கிடைக்காத தங்கைக்கு

பாலக்கோட்டில் இருக்கும் உங்கள் 24 வயதுத் தங்கைக்குத் துணி பிழிந்தாலே இடது கை வலிக்கிறது, அந்தக் கையில் நாடி இல்லை, பிரஷர் வலதில் 160, இடதில் 100 என்கிறீர்கள். இதைச் சத்துக் குறைவு என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். டக்கயாசு ஆர்ட்டரைட்டிஸாக இருக்கலாம்; இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாயான பெருந்தமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் சுருங்கும் நோய், 40 வயதுக்குள் பெண்களுக்கே அதிகம். அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். இரத்தப் பரிசோதனை மட்டும் போதாது, இரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேன் வேண்டும். கிருஷ்ணகிரி வழியாக வேலூர் சி.எம்.சி. போய் ருமட்டாலஜி (மூட்டு, அழற்சி நோய்கள்) பிரிவில் காட்டுங்கள். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கும் முன் டி.பி. இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம், முகம் உப்புகிறதென்று மாத்திரையைத் திடீரென நிறுத்தவே கூடாது. பிரஷரை எப்போதும் வலது கையில் பார்க்கச் சொல்லுங்கள். இடது கை பொய்யாகக் குறைத்துக் காட்டும். நெஞ்சுவலி, பார்வை மங்கல் வந்தால் உடனே தர்மபுரி அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.