ஸ்லோவாக் பங்குப் பள்ளிகள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் குடியேறிய கத்தோலிக்க ஸ்லோவாக்குகளின் பங்குப் பள்ளிகளைப் பற்றி (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் வட்டம்தான் பங்கு) நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். எனக்கு அதில் ஓர் உறுத்தல். சுரங்கத்திலும் எஃகு ஆலையிலும் உடம்பைக் கரைத்தவர்கள், தெருமுனையிலேயே கட்டணமில்லாத அரசுப் பள்ளி இருக்க, காசு சேர்த்துத் தனிப் பள்ளி கட்டினார்கள். தாய்மொழி அழியக் கூடாது என்றுதானே? ஆனால் என் அலுவலகத்தில் இருக்கும் ஸ்லோவாக் வம்சாவளிக்காரருக்குக் கிறிஸ்துமஸ் பலகாரங்களின் பெயர்களைத் தவிர அந்த மொழியில் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பள்ளிகள் தோற்றுவிட்டன என்றுதானே சொல்ல வேண்டும்?

எஸ்., கிளீவ்லாந்து

அன்புள்ள எஸ்.,

மொழி அழியக் கூடாது என்று நினைத்தது யார்? அதைக் கேட்காமல் தோற்றதா ஜெயித்ததா என்று சொல்ல முடியாது.

முதலில் ஆயர்கள், அதாவது கத்தோலிக்க பிஷப்புகள். 1884இல் பால்டிமோரில் கூடிய அமெரிக்க ஆயர்களின் மூன்றாவது பொதுச்சங்கம், ஒவ்வொரு பங்கும் இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு பள்ளி கட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. ஸ்லோவாக்குகள் திரளாக வந்து இறங்கியது அதன் பிறகுதான். ஆயர்களின் கவலை ஸ்லோவாக் மொழியைப் பற்றியது அல்ல; அவர்களில் பலர் ஐரிஷ்காரர்கள், ஆளுக்கொரு மொழியில் பங்கு கேட்பதே அவர்களுக்குத் தலைவலி. அரசுப் பள்ளி என்பது பெயரில்லாத புராட்டஸ்டண்ட் பள்ளி என்பதுதான் அவர்களுடைய அச்சம். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. பென்சில்வேனியாவில் அரசுப் பள்ளிகளில் நாள்தோறும் பைபிளிலிருந்து பத்து வசனங்களாவது வாசிக்க வேண்டும் என்று 1913இல் சட்டமே வந்தது. உச்ச நீதிமன்றம் அந்த வழக்கத்தை நிறுத்த 1963 ஆயிற்று.

மொழியைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் ஸ்லோவாக் குருக்களும் குடியேறிகளின் சங்கத் தலைவர்களும். அவர்கள் வந்தது ஹங்கேரி அரசின் கீழ் இருந்த வட மலைநாட்டிலிருந்து, இன்றைய ஸ்லோவாக்கியாவிலிருந்து. அங்கே 1874, 75 ஆண்டுகளில் ஸ்லோவாக் மொழியில் நடந்த மூன்று உயர்நிலைப் பள்ளிகளையும் அரசு மூடியது. மாத்திட்சா என்ற பண்பாட்டுக் கழகமும் அதோடு போயிற்று. 1907இல் அப்போனி சட்டம் தொடக்கப் பள்ளிகளிலும் ஹங்கேரிய மொழியைத் திணித்தது. சொந்த ஊரில் பறிபோன பள்ளியை அமெரிக்காவில் கட்டிக்கொள்ளலாம் என்று கண்டபோது அவர்களுக்கு ஏற்பட்ட வேகம் உங்களுக்குப் புரியும்.

உங்கள் ஊர்க்காரரான ஷ்டெஃபான் ஃபுர்தெக் இதில் முக்கியமானவர். 1855இல் திர்ஸ்தெனாவில் பிறந்து, 1882இல் கிளீவ்லாந்துக்கு வந்த குரு. இத்தனைக்கும் அவர் பொறுப்பில் இருந்தது செக் மக்களின் பங்கு. 1890இல் அவர் தொடங்கிய ‘யெட்னோட்டா’ சங்கம் அடிப்படையில் ஒரு காப்பீட்டுச் சங்கம்: சுரங்கத்தில் ஒருவர் செத்தால் மனைவிக்குப் பணம். பள்ளிக்கூடங்களுக்கு ஸ்லோவாக் பாடநூல்களை அவரே எழுதினார். சந்தா கட்டிய தொழிலாளிக்குச் சாவுப் பணம் முதலில், மொழி பிறகு. ஃபுர்தெக்கின் சாமர்த்தியம் இரண்டையும் ஒரே சங்கத்துக்குள் வைத்ததில் இருக்கிறது.

கிளீவ்லாந்தின் புனித லாடிஸ்லாஸ் பங்கின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1885இல் ஸ்லோவாக்குகளும் ஹங்கேரியர்களும் சேர்ந்து தொடங்கியது. ஒத்துப்போகவில்லை. ஹங்கேரியர்கள் பிரிந்துபோய் 1892இல் புனித எலிசபெத் பங்கை அமைத்துக்கொண்டார்கள். லாடிஸ்லாஸ் ஹங்கேரியை ஆண்ட அரசர். அவர் மட்டும் ஸ்லோவாக்குகளிடம் தங்கிவிட்டார்!

இனி பெற்றோர். இவர்களைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். பெரும்பாலோர் கிழக்கு மாவட்டங்களின் விவசாயிகள். அவர்கள் பேசியது வட்டார வழக்கு. பாடநூலின் எழுத்து ஸ்லோவாக் அவர்களுக்கே பாதி அந்நியம். 1886இல் பிட்ஸ்பர்கில் தொடங்கிய ஸ்லோவாக் செய்தித்தாள் ஷாரிஷ் என்ற கிழக்குப் பகுதியின் வட்டார வழக்கில், ஹங்கேரிய எழுத்துக்கூட்டில்தான் அச்சானது. ஹங்கேரி அரசு கற்றுக்கொடுத்த எழுத்து அதுதானே. பிள்ளை புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்க வேண்டும், பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்யத் தெரிய வேண்டும், எழுதப் படிக்க வேண்டும். அதற்குப் பிறகு நிலக்கரியிலிருந்து கல் பொறுக்கப் போகலாம், பெண் என்றால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளலாம். மேலே படித்து என்ன செய்வது என்பதுதான் பல வீடுகளின் எண்ணம். மகன் கொண்டுவரும் கூலியில்தான் வீட்டுக்கடன் அடைந்தது என்பதால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பள்ளி கட்டிவிடலாம், பாடம் நடத்த யார்? எல்லாம் இங்கேதான் திசைமாறியது என்று நினைக்கிறேன். பிராடக் எஃகு நகரின் புனித மைக்கேல் பங்கில் இருந்த காசின்சி என்ற குரு 1902இல் ஹங்கேரியின் சத்மாரிலிருந்து வின்சென்ஷிய அருட்சகோதரிகளை வரவழைத்தார். (1919 எஃகு வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் நின்று நிறுவனத்தை எதிர்த்தவரும் இவரே, தனியாக எழுத வேண்டிய ஆள்.) ஆனால் ஹங்கேரியிலிருந்து வரும் குருக்களையும் கன்னியரையும் (துறவறச் சகோதரிகளையும்) ஸ்லோவாக் தேசியவாதிகள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஹங்கேரி அரசு தனக்கு விசுவாசமான குருக்களை அமெரிக்காவுக்கு அனுப்பும் ரகசியத் திட்டம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது.

அதனால் மாத்தூஷ் யான்கோலா என்ற குரு, இங்கேயே ஒரு ஸ்லோவாக் துறவற சபை வேண்டும் என்று முயன்றார். 1909இல் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டனில் உருவானது புனித சிரில் மெத்தோடியஸ் சகோதரிகள் சபை. இளம்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் யார் தெரியுமா? ஸ்க்ரான்டனில் ஏற்கெனவே பள்ளிகள் நடத்திவந்த, ஆங்கிலம் பேசும் மாசற்ற இருதயச் சகோதரிகள். ஸ்லோவாக் பள்ளியின் ஆசிரியைகள் பாடம் நடத்தும் முறையையே ஆங்கிலத்தில் கற்றார்கள். பிறகு கணக்கும் பூகோளமும் எந்த மொழிக்குப் போகும்? ஞானோபதேசமும் ஜெபமும் பாட்டும் ஸ்லோவாக்கில் நின்றன. மற்றவை ஆங்கிலத்துக்கு நகர்ந்தன. யாரும் துரோகம் செய்யவில்லை. பிள்ளைகள் கணக்கராகவும் செவிலியராகவும் ஆக வேண்டும் என்று சகோதரிகள் விரும்பினார்கள், அதற்கு வழிசெய்தார்கள்.

1918 மே மாதம் பிட்ஸ்பர்கில் அமெரிக்க ஸ்லோவாக்குகளும் செக்குகளும், பின்னர் செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் அதிபரான மசாரிக்கோடு சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். வரப்போகும் நாட்டில் ஸ்லோவாக்கியாவின் பள்ளியிலும் அலுவலகத்திலும் பொதுவாழ்விலும் ஸ்லோவாக்கே அலுவல்மொழி என்பது அதில் ஒரு வரி. பள்ளிதான் முதலில் வருகிறது, கவனியுங்கள். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கத்துக்கு இதைக் கேட்டு வாங்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் ஆங்கிலத்தில் விளையாடத் தொடங்கியிருந்தார்கள்.

அதற்குப் பின் நடந்தது எல்லாக் குடியேறிகளுக்கும் நடந்ததுதான். 1924இன் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் செக்கோஸ்லோவாக்கியா முழுமைக்குமே ஆண்டுக்குச் சுமார் 3,000 பேர் என்று வாசலைச் சாத்தியது. மொழியோடு புதிதாக வருகிறவர்கள் நின்றுபோனார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிள்ளைகள் புறநகருக்குப் போனார்கள். ஆனால் பள்ளிகளை மூடவைத்தது மொழி அல்ல, சம்பளம். பெயருக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு பாடம் நடத்தியவர்கள் கன்னியர். 1965இல் அமெரிக்கா முழுவதும் கன்னியர் மொத்தம் சுமார் 1,80,000 பேர். இன்று 40,000க்கும் குறைவு. அவர்கள் இடத்தில் சம்பளம் கொடுத்து ஆள்வைக்க ஆலை மூடிய ஊரின் பங்குக்கு வழி ஏது?

ஆகவே, தோற்றது ஃபுர்தெக்கின் கனவு என்றால் ஒப்புக்கொள்கிறேன். பெற்றோர் கேட்டது கிடைத்தது, கேட்காததும் கிடைத்தது. உங்கள் நண்பர் உங்களோடு ஒரே அலுவலகத்தில் இருக்கிறாரே.

சிரில் மெத்தோடியஸ் சகோதரிகளின் தாய் இல்லம் 1919 முதல் பென்சில்வேனியாவின் டான்வில்லில். யான்கோலா பெயரில் அவர்கள் ஒரு நூலகம் அமைத்து, பழைய ஸ்லோவாக் புத்தகங்களையும் ஆவணங்களையும் சேர்த்துவைத்தார்கள். கிளீவ்லாந்திலிருந்து காரில் போய்விடலாம். முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு, நண்பரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.